வெள்ளைக் கோட்டுக்கு வைத்த டைமிங்

ஆயுத பூஜை முடிந்த நான்காம் நாள் ஒரு வெள்ளை அம்பாசடருக்கு டைமிங் வைத்தேன். அது தப்பு என்று தெரிய மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் அந்த வண்டியில் நான் மாற்றியவை: காண்டாக்ட் பாயிண்ட், கண்டென்சர், நான்கு ஸ்பார்க் பிளக், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு சின்ன ஸ்பிரிங், டாங்கில் இருந்த பெட்ரோல் முழுவதும். இதில் எதுவும் கெட்டுப்போயிருக்கவில்லை.

ஷெட் என் பெரியப்பா மகனுடையது. கீழ்பென்னாத்தூர் போகும் ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் ஐந்து தகரக் கூரைகள் வரிசையாக இருக்கும். டயர் கடை, டீக்கடை, எங்கள் ஷெட், டிங்கரிங் பட்டறை, கடைசியில் பாயின் லேத். அண்ணனுக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது அதிகம். பழைய கார் எஞ்சினைக் காதாலேயே சரிபண்ணுவார் என்று சுற்றுவட்டாரத்தில் பெயர். நான் ஆட்டோமொபைல் படித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சின் சோதனைப் பிரிவில் மூன்று வருடம் இருந்தேன். "அங்க எவனுக்கோ பட்டன் அமுக்கறதுக்கு இங்க வந்து நம்ம வேலையப் பாரேன் பாப்பா" என்று கூப்பிட்டது அவர்தான். நான் வேலையை விட்டபோது வீட்டில் எல்லாரும் திட்டினார்கள். எனக்காகப் பேசிய ஒரே ஆள் அவர். அதையும் எழுதிவிட வேண்டும்.

வெள்ளை அம்பாசடர், ரமணாசிரமத்துக்குப் பின்தெருவில் விருந்தினர் அறைகள் வாடகைக்கு விடும் ஓர் அக்காவுடையது. அவருடைய அப்பா ஓட்டிய வண்டி. வெளிநாட்டிலிருந்து வந்து தங்குகிறவர்கள் அதில் ஏற ஆசைப்படுகிறார்கள் என்று அதே போல இன்னும் இரண்டு பழைய வண்டிகளையும் வாங்கி வைத்திருந்தார். கார்த்திகை தீபத்துக்கு அறைகள் நிரம்பிவிடும்; அதற்குள் வெள்ளை வண்டி தயாராக வேண்டும். அண்ணன் என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"இந்த வண்டிய நீயே பாரு. நான் கை வெக்க மாட்டேன். அக்கா வாயில ஒரு குறை வராம தீபத்துக்கு ஓடிச்சுன்னா மூணு வண்டியும் உன் பொறுப்பு. ஷெட்டுக்கு வர்ற டியூனிங் எல்லாமே உன் கையில. நான் கிளட்ச், கியர் பாத்துக்கறேன்."

நான் ஒரகடத்தை விட்டு வந்தது இதற்குத்தான். அதுவரை நான் அந்த ஷெட்டில் கூடமாட இருக்கிறவள்.

பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் மேலே வந்து காற்றையும் பெட்ரோலையும் நெருக்கும். அது உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் தீப்பொறி விழ வேண்டும். இந்த எஞ்சினுக்கு ஐந்து டிகிரி முன்னால். பிந்தினால் வண்டி இழுக்காது. ரொம்ப முந்தினால், மேலே வந்துகொண்டிருக்கும் பிஸ்டனை வெடிப்பு எதிரே நின்று அறையும். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது உள்ளே மணலில் கடலை வறுக்கிற சட்டியைக் கரண்டியால் சுரண்டுவது போலக் கேட்கும். கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் பிஸ்டனில் ஓட்டை விழும்.

அளப்பதற்கு டைமிங் லைட் இருக்கிறது. முதல் சிலிண்டருக்குத் தீப்பொறி போகிற ஒவ்வொரு முறையும் அது மின்னும். எஞ்சினுக்கு முன்னால் சுற்றும் புல்லியின் விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். லைட்டின் வெளிச்சத்தில் புல்லி அசையாமல் நிற்பது போலத் தெரியும். எஞ்சினில் டிகிரி காட்டும் கூர்முனைகளில் பள்ளம் எதற்கு நேராக நிற்கிறது என்று பார்த்து, தீப்பொறியை சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்ப வேண்டும். இந்த வண்டியில் கூர்முனைகள் எஞ்சினின் அடிப்பக்கம். படுத்துக்கொண்டுதான் பார்க்க முடியும். பள்ளம் கரியில் தெரியாது என்பதால் அதில் ஒயிட்னர் வைப்பேன்.

என் நோட்டில் டைமிங் வைப்பதற்குப் பதினொரு வரிகள் உண்டு. மூன்றாவது வரி: "பள்ளத்தை விரலால் தடவித் தேடு. சுத்தம் செய். ஒயிட்னர் வை." இந்த வண்டிக்கு அதை ஆடி மாதமே செய்திருந்தேன். எனவே இந்த முறை அடியில் படுத்து, வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது. விரலால் தடவாமல் மூன்றாவது வரிக்கு டிக் போட்டேன். என் பங்குத் தவறு இது. முழுவதும் என்னுடையது.

இடையில் நடந்தது ஆயுத பூஜை. அப்போது அந்த வண்டியின் ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பெடுக்க அனுப்பியிருந்தோம். எஞ்சினின் முன்பக்கம் திறந்து கிடந்தது. ஷெட்டில் இருந்த எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தோம், அந்த எஞ்சினையும். எண்ணெய் பட்ட இரும்பில் திருநீறு நிற்காது என்று அண்ணன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வெள்ளை எனாமல் பெயிண்டில் சின்ன பிரஷ்ஷைத் தோய்த்து பட்டை போடுவார். பெஞ்ச் வைஸுக்கு, கம்ப்ரசருக்கு, கிரைண்டருக்கு, நிற்கிற வண்டிகளுக்கு. வருடம் முழுக்க அழியாது. நான் பின்னாலேயே குங்குமம் வைத்துக்கொண்டு போனேன்.

வண்டியைக் கொண்டுபோய் விட்ட இரண்டாம் நாள் அக்கா போன் செய்தார்.

"என்னம்மா செஞ்ச? செங்கம் ரோட்டுல டாப் கியர்ல போயி மிதிச்சா கடகடனு சத்தம். பின்னாடி உக்காந்தவங்க, உள்ள ஏதாச்சும் கழண்டுக்கிச்சானு பயப்படறாங்க."

போய்க் கேட்டேன். அதே கரண்டிச் சத்தம். லைட்டை எடுத்துப் பார்த்தேன்; கோடு ஐந்து டிகிரியில் அசையாமல் நின்றது. டைமிங் சரி என்றால் காரணம் வேறு. நோட்டில் புதுப் பக்கம் திறந்து சாத்தியங்களை எழுதினேன். எளிதில் பார்க்கக்கூடியது முதலில், எஞ்சினைப் பிரிக்க வேண்டியது கடைசியில். எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

அண்ணன் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். வரி வரியாகப் படித்தார்.

"கண்டென்சர் போட்டிருக்கியா? சரி, நான் டவுனுக்குத்தான் போறேன், வாங்கியாந்துடறேன்."

வாங்கி வந்தார். பெட்ரோலில் கலப்படம் இருக்குமோ என்று டாங்கை வடித்தபோது கேனைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பாத்து, கண்ணுல தெறிச்சுடப் போவுது" என்றார். டிஸ்ட்ரிபியூட்டர் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம் என்று நான் சொன்னதற்கு, "இருக்கலாம். யாரு கண்டா" என்றார்.

இரண்டாம் முறை, மூன்றாம் முறை. ஒவ்வொரு முறையும் லைட் சரி என்றது, ரோடு தப்பு என்றது. டீக்கடையைத் தாண்டி நடக்கும்போது பேச்சு நிற்பதைக் கவனித்தேன். டயர் கடைக்காரர் ஒரு நாள், "என்ன தங்கச்சி, லைட்டுப் போட்டும் கிடைக்கலியா?" என்று கேட்டார். உட்கார்ந்திருந்தவர்கள் டம்ளருக்குள் சிரித்தார்கள். பெண் ஒருத்தி வண்டிக்கு அடியில் படுக்கிறாள் என்பதற்கான சிரிப்பு அது என்று நினைத்தேன். அதற்கு நான் பழகியிருந்தேன். தனியாகக் குறித்துக்கொள்ளவில்லை.

நான்காம் முறை அண்ணனும் கூட வந்தார். அக்கா வாசலிலேயே நின்றிருந்தார்.

"இன்னிக்காவது முடியுமா? இல்ல வேலூர் அனுப்பட்டுமா?"

"நான் ஒரு வாட்டி பாக்கட்டுமா பாப்பா?" என்று அண்ணன் என்னிடம் அனுமதி கேட்டார். நான் நகர்ந்தேன். அவர் லைட்டைத் தொடவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்ப் ஸ்குரூவைத் தளர்த்தி, தலையைச் சாய்த்துக் கேட்டபடி ஒரு மயிரிழை திருப்பி முடுக்கினார். இரண்டு நிமிடம்கூட இல்லை. அக்காவை உட்கார வைத்து செங்கம் ரோட்டில் ஓட்டிக் காட்டினார். நான் பின்சீட்டில் இருந்தேன். டாப் கியரில் மிதித்தார். எஞ்சின் சத்தமே இல்லாமல் இழுத்தது.

"இதுக்கா மூணு வாரம்?" என்றார் அக்கா.

"விடுங்கக்கா, சின்னப் பொண்ணு. படிப்பு வேற, வேல வேற" என்றார் அண்ணன். கண்ணாடியில் என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை நான் மட்டும் போய், அக்காவிடம் கேட்டுக்கொண்டு, வண்டிக்கு அடியில் படுத்து லைட்டைக் காட்டினேன். வெள்ளைக் கோடு உச்சியைத் தாண்டி மூன்று டிகிரி பின்னால் நின்றது. அவ்வளவு பிந்தினால் எந்த எஞ்சினும் இப்படி இழுக்காது. நோட்டில் எழுதினேன்: லைட் பொய் சொல்கிறது, அல்லது ரோடு பொய் சொல்கிறது, அல்லது கோடு பொய் சொல்கிறது. மூன்றாவதை அதுவரை நான் எழுதியதே இல்லை, கோடு என்னுடையது என்பதால்.

பிஸ்டன் உண்மையில் எங்கே உச்சிக்கு வருகிறது என்று நேராகவே அளந்துவிட முடிவு செய்தேன். அதற்கு ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கைக் குடைந்து நடுவில் கம்பி வைத்த தடுப்பு வேண்டும். அதைப் பிளக் ஓட்டையில் முடுக்கிவிட்டு எஞ்சினைக் கையால் இரு பக்கமும் திருப்பினால் பிஸ்டன் வந்து முட்டும். முட்டும் இரண்டு இடத்துக்கும் சரி நடுவே உச்சி. அதைச் செய்யச் சொல்லி லேத் பாயிடம் போனேன்.

"இது எதுக்கும்மா இப்போ? எந்த வண்டிக்கு?"

"அந்த வெள்ள அம்பாசடருக்குத்தான் பாய்."

பாய் லேத்தை நிறுத்தினார். "அது ஓடிச்சுன்னு சொன்னாங்களே. உங்க அண்ணன் அந்தப் பட்டையச் சொரண்டி எடுக்கலியா இன்னும்?"

"என்ன பட்டை?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். கையைத் துணியில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பூஜையில போட்டதும்மா. பெயிண்ட்டு. நடுக்கோடு நீண்டு போயி புல்லி மேல ஏறிக்கிச்சாம். நீ அத மார்க்குனு நெனச்சு டைமிங் வெச்சுட்டியாம்."

"யாரு சொன்னது?"

"அவன்தான். நீ வெச்ச அன்னிக்கு சாயங்காலமே, டீ குடிக்கசொல்ல. தங்கச்சி சாமிப் பட்டைக்கு டைமிங் வெச்சிருக்குதுன்னு. எல்லாரும் சிரிச்சோம். நானுந்தான் சிரிச்சேன், பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாள் ரெண்டு நாள்ல சொல்லிடுவான்னு நெனச்சேன். அவன் வந்து சரிபண்ணிட்டான்னதும் உனக்கும் தெரிஞ்சுபோச்சுன்னே நெனச்சேன்மா."

நான் பிளக்கை நீட்டினேன். "நீங்க இத முடிச்சுக் குடுங்க பாய்" என்றேன். அவர் முடித்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

அளந்தேன். உண்மையான பள்ளம் கரியில் மூடிக்கிடந்தது. பூஜைக்குத் துடைத்தபோதே என் ஒயிட்னர் போயிருந்தது. சுழலும் திசையில் அதற்கு முன்னால், சுண்டுவிரல் அகலத்துக்கும் கொஞ்சம் குறைவான தூரத்தில், எனாமல் கோடு. எட்டு டிகிரி. எஞ்சினின் முன்மூடியில் மற்ற இரண்டு கோடுகளும் முழுசாக இருந்தன. நடுக்கோடு மட்டும் பாதியில் நின்றது. புல்லியைத் திருப்பி நிறுத்தினால் மிச்சப் பாதி வந்து ஒட்டிக்கொண்டது. மூன்று வாரமாக அந்த இரண்டரைக் கோட்டுக்குக் கீழேதான் நான் படுத்திருந்தேன்.

ஷெட்டுக்குப் போனபோது அண்ணன் ஒரு கார்புரேட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அது பட்டைனு உனக்கு எப்போ தெரியும்?"

தெரியாதது போல அவர் நடிக்கவில்லை. "நீ லைட்டு வெச்ச அன்னிக்கே. அடியில ஸ்பேனர் எடுக்கக் குனிஞ்சேன், பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே. நோட்டுல எழுதுன. எங்கிட்ட ஒரு வாட்டியாவது, அண்ணா இது என்னானு கேட்டியா?"

அதில் உண்மை இருந்தது. கேட்கவில்லை. அதற்காகவே அவர் அதை முதலில் சொன்னார் என்று நினைக்கிறேன்.

"கண்டென்சர் நீதானே வாங்கியாந்த?"

பெட்ரோல் வரும் சின்னத் துளை ஜெட் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், ஊதினார், வைத்தார்.

"வர்றவன் எல்லாம் தங்கச்சி இருக்குதானு கேக்கறான். இருந்தாத்தான் வண்டிய எறக்கறான். இருவது வருசமா இந்த ரோட்டுல நிக்கறேன் நான். ஒரே ஒரு வாட்டி என்னால ஆச்சுனு இருக்கட்டுமேன்னு நெனச்சேன். ஆயிடிச்சு. அவ்ளோதான். நாளைக்கே உன் டியூனிங்க நீயே பாரு, யாரு வேணான்னா?"

"டீக்கடையில சொன்னது?"

"அது சும்மா. தமாசு."

எனக்கு அழுகை வரவில்லை. கணக்குதான் ஓடியது. முதல் நாள் சொல்லாததை மறந்துவிடலாம். யாரும் ஒரு நாள் சிரிப்பார்கள். இரண்டாம் முறை வண்டி வந்தபோது சொல்லியிருக்கலாம். கண்டென்சர் கடைக்குப் போகும் வழியில் மனம் மாறியிருக்கலாம். கேனைப் பிடித்து நின்றபோது, என் கண்ணில் பெட்ரோல் தெறிக்கக் கூடாது என்று கவலைப்பட்டபோது, வாயில் வந்திருக்கலாம். அந்தக் கவலை பொய்யில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. என்மேல் உண்மையான அக்கறையோடு என்னை ஏமாற்றியிருக்கிறார். அந்த நாட்களில் எந்தப் பேச்சு எதைச் சேர்ந்தது என்று பிரிக்க முயன்றேன். முடியவில்லை. அதோடு இன்னொன்று: அந்த எஞ்சினில் எட்டு டிகிரி முந்திய நெருப்போடு அக்காவும் விருந்தினர்களும் மூன்று வாரம் ஓடினார்கள். பிஸ்டன் போயிருந்தால்? அப்போதும் தமாசா?

அன்று மதியமே அக்காவைப் பார்க்கப் போனேன். உண்மையைச் சொன்னால் மூன்று வண்டியும் எனக்கு வரும் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னேன். என் தவறு முதலில்: விரலால் தடவிப் பார்க்காமல் கோட்டை நம்பினேன். அடுத்தது அண்ணன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டே முழுவதையும் கேட்டார்.

"நீயா வந்து சொன்ன பாரு, அது பெரிய விஷயம்மா. யாரும் செய்ய மாட்டாங்க" என்றார். பிறகு, "ஆனா நீயே யோசிச்சுப் பாரு. எனக்கு வண்டி ஓடணும். மூணு வாரமா தெரியாதவங்க ஒருத்தங்க. மொத நாளே தெரிஞ்சவரு ஒருத்தரு. நான் யாருகிட்ட விடுவேன்?"

"தெரிஞ்சும் சொல்லாதவருக்கா."

"அது உங்க வீட்டு விஷயம்" என்றார். ஒரு தண்டைக் கிள்ளி ஒதுக்கினார். "டீ குடிச்சிட்டுப் போறியா?"

வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

தீபத்துக்கு முன்பே ஷெட்டை விட்டேன். சண்டை போடவில்லை. என் பெட்டியை எடுத்து ஸ்கூட்டரில் கட்டியபோது அண்ணன் கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இறுக்கிக் கொடுத்தார். அம்மாவுக்கு இன்றும் புரியவில்லை. "ஒரு கோட்டுக்குப் போயி கூடப் பொறந்தவன மாதிரி இருக்கறவன விட்டுட்டியே. அவன் இல்லன்னா உனக்கு அந்த வேலையே ஏது?" என்பார். இப்போது அடி அண்ணாமலையில் ஒரு வீட்டின் முன்பக்கத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். வீடுகளுக்கே போயும் டியூனிங் செய்கிறேன். வண்டிகள் வருகின்றன, ஜாஸ்தி இல்லை. கல்யாணங்களில் அண்ணனைப் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்பார். சாப்பிட்டேன் என்பேன்.

போன மாதம் அவரிடமிருந்து போன் வந்தது. வேலை விஷயமாக வந்த முதல் போன்.

"பாப்பா, ஒரு வண்டி வந்திருக்குது. டிஸ்ட்ரிபியூட்டர்ல பாயிண்ட்டே இல்ல. உள்ள கறுப்பா ஒரு டப்பா, ரெண்டு ஒயரு. எலக்ட்ரானிக்காம். காலையில ஸ்டார்ட் ஆவுது, நல்லா ஓடுது. சூடாச்சுன்னா செத்துடுது. ஆறினா திரும்ப எழுந்துக்குது. காதுல ஒண்ணும் பிடிபடல. என்னவா இருக்கும்?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த டப்பாவை, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் பழைய காயிலோடு இணைத்திருப்பார்கள். காயிலின் ரெசிஸ்டன்ஸ் கம்மியாக இருந்தால் டப்பா தாங்க முடியாமல் சூடாகி நின்றுவிடும். மீட்டரை எடுத்துக் காயிலை அளந்தால் ஒரு நிமிட வேலை.

போனுக்குப் பின்னால் டம்ளர்கள் வைக்கும் சத்தமும் யாரோ இருமுவதும் கேட்டது.

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கியாண்ணா?"

"இல்லியே. ஏன்?"

இல்லாமலும் இருக்கலாம். உண்மையிலேயே வேண்டித்தான் கேட்டிருக்கலாம். அவருடைய குரலை நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன்; அதை வைத்து என்னால் எதையும் சொல்ல முடியவில்லை.

"வண்டியப் பாக்காம சொல்ல முடியாதுண்ணா" என்றேன்.

"சரி பாப்பா" என்று வைத்துவிட்டார். காயில் என்று சொல்ல நான் திரும்பக் கூப்பிடவில்லை.